குதிரை மேல இருக்கிறது நான்தான்

தம்பி, மொகத்தப் பாக்காதீங்க. தொடையப் பாருங்க. அந்தா, வெள்ளக் குதிரை மேல வர்றாருல்ல அய்யனாரு, அவரு தொடையத்தான் சொல்றேன். குதிரை விலாவ எப்படிக் கவ்விப் புடிச்சிருக்கு பாருங்க. சேணம்கூட இல்ல. அப்படி உக்காரணும்னா இருவது வருசம் குதிரை ஏறியிருக்கணும். அது என் தொடை.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். கல்யாணத்துக்குப் போறேன்னு பட்டு வேட்டி கட்டியிருக்கேன், இல்லேன்னா இங்கயே காட்டிருவேன். தொடை, கையி, முதுகு, தோளு எல்லாம் நம்ம சரக்கு. கழுத்துக்கு மேலதான் ஹீரோ. கம்ப்யூட்டர்ல ஒட்டுனது. கழுத்துக்கிட்ட உத்துப் பாருங்க, ஒட்டு தெரியும். தெரியலயா? எனக்குத் தெரியுது.

கோடை லீவுக்கு வந்த படம். தேட்டர்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள பஸ்ஸுல போட்டுட்டான் பாருங்க, எந்தத் திருட்டுப்பய குடுத்தானோ. மதுரை ஸ்டாண்டுல நிக்கையிலயே பாதிக்கிட்ட ஓடிருச்சு. ஏறுனவன் டிவியப் பாத்ததும் எறங்கிறலாமான்னு நெனச்சேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சா முகூர்த்தம் தப்பிரும். ஆண்டிபட்டியில கல்யாணம். எங்கக்கா மக கல்யாணம். நான்தான் தாய்மாமன். இந்தப் பையில இருக்கிறது பொண்ணுக்கு மாமன் சேலை. நீங்களும் ஆண்டிபட்டிதானா? நல்லதாப் போச்சு. சேந்து எறங்குவோம்.

படத்துப் பேர நான் சொல்ல மாட்டேன், வாய் கூசுது. கதை ஒண்ணுமில்ல. அய்யனாரு, கருப்பு, மதுரைவீரன், முனியாண்டி, காளியாத்தா. அஞ்சு பேரும் அவுகவுக ஊரு எல்லையில காவலுக்கு நின்னவுக. கடலுக்குள்ளருந்து ஒரு ராட்சசன் மெட்ராஸ முழுங்க வர்றான். அஞ்சு பேரும் செலையிலருந்து எந்திரிச்சு ஒண்ணாச் சேந்து அடிக்கப் போறாக. அய்யனாரு குதிரை மேம்பாலத்துல ஓடுது, ஓடுற ரயிலத் தாண்டுது. முன் சீட்டுப் பிள்ளைகளப் பாருங்க, வாயில ஈ போறது தெரியாமப் பாக்குதுக. அதுககிட்டப் போய், ஏ பிள்ளைகளா, அய்யனாரு இந்தா பின்னால சேலைப் பையோட உக்காந்திருக்கேன்னு சொன்னா நம்புமா?

என் பேரு காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கம். மெட்ராஸ் போயி இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. டூப்பு. ஹீரோ மாடியிலருந்து குதிச்சா நான்தான் குதிப்பேன், தீக்குள்ள ஓடுனா நான்தான் ஓடுவேன். குதிரைன்னா என்னையத்தான் கூப்புடுவாய்ங்க. எத்தனை படம்னு கணக்கு வச்சுக்கல. ஆனா இத்தனை வருசத்துல ஒரு படத்துலகூட என் மொகம் வந்ததில்ல தம்பி. முதுகு வரும், தூரத்துல ஓடுற உருவம் வரும். மொகம் திரும்புற எடத்துல வெட்டிருவாய்ங்க. அதான் தொழிலு. மொகம் தெரிஞ்சுட்டா நீ நல்ல டூப்பு இல்லேம்பாரு எங்க ஸ்டண்ட் மாஸ்டர்.

எங்கக்கா ஒருத்திதான் கண்டுபிடிப்பா. ஒச்சம்மான்னு பேரு. ஆத்தா அப்பன் போனப்பறம் அவதான் எனக்கு எல்லாம். கட்டிக்குடுத்த எடத்துல மச்சான் சீக்கிரமே செத்துப்போனாரு. ஒரே பொம்பளப்பிள்ள, சுகப்பிரியா. அதை வச்சுக்கிட்டு ஆண்டிபட்டியில இட்லிக்கடை போட்டா. நம்ம படம் எது வந்தாலும் கடைய மூடிட்டு தேட்டருக்குப் போயிருவா. எனக்குப் போன் வரும். "டேய், தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஓடுனியே, அது நீதான? ஒனக்கு எடது தோளு லேசாச் சாயும்டா. சின்னதுல கெணத்துல விழுந்தது." அப்படித்தான். முதுகப் பாத்துத் தம்பின்னு சொன்ன ஒரே ஆளு. பக்கத்துச் சீட்டுக்காரிககிட்டல்லாம் எந்தம்பி எந்தம்பின்னு கத்துவாளாம். அவளுக இந்த அக்காவுக்குக் கிறுக்குன்னு நெனச்சிருப்பாளுக.

ஒவ்வொரு தடவையும் கடைசியா ஒண்ணு கேப்பா. "மொகத்தக் காட்டவே மாட்டாய்ங்களாடா?"

சரி, படத்துக்கு வாறேன். ஹீரோவுக்குக் குதிரைன்னா பயம். பயப்படுறது தப்புன்னு சொல்லல, நாய்க்குப் பயப்படுற ஆளு இல்லையா. ஆனா அய்யனாரா நடிக்கிற ஆளுக்குக் குதிரை பயம்னா என்ன சொல்றது? பச்சைத் துணி கட்டுன செட்டுல மரத்துல ஒரு குதிரை செஞ்சு வச்சிருந்தாய்ங்க. கீழருந்து ரெண்டு பேரு ஆட்டிவிடுவாய்ங்க. மூஞ்சிக்கு முன்னால பெரிய காத்தாடி. ஹீரோ கேரவன்லருந்து எறங்கி வருவாரு, உக்காருவாரு, ரெண்டு மொற மொறைப்பாரு, போயிருவாரு. கேரவன்ல கோழி வறுத்த வாசம் வெளிய வரைக்கும் வரும். வந்து உக்காந்தாரு, அம்புட்டுதான் அவரு செஞ்சது. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சது நானு. பேரு மட்டும் அவருக்கு. ஒலகத்துல இத விட அநியாயம் உண்டா?

நான் விரதம் இருந்தேன் தம்பி. யாரும் சொல்லல, நானா எடுத்தேன். கருப்பசாமிக்குக் கெடா உண்டு, சுருட்டு உண்டு. முனியாண்டியும் அப்படித்தான். அய்யனாரு சைவம். அவரு உருவத்துல குதிரை ஏறிட்டு சாயங்காலம் கறிக்கொழம்பு திங்க முடியுமா? மாலை போட்டேன். மூணு மாசம். கறி மீன் கெடையாது, செருப்பு கெடையாது, தரையிலதான் படுக்கை. எம் பொஞ்சாதி முட்டை வாங்குனதுக்குத் தட்ட எறிஞ்சேன்னா பாத்துக்கங்க. மகனுக்குக் கால்ல அடிபட்டு நாட்டுக்கோழி சூப்பு வைக்கணும்னா. இந்த வீட்டுல சாமி இருக்கேன்டி, ஒங்கொப்பன் வீட்டுக்குப் போயி வையின்னுட்டேன். போயிட்டா. விரதம்னா விரதந்தான், அதுல என்ன நெளிவு சுளிவு?

அந்தா, அந்தச் செம்மண்ணு வருது பாருங்க. திருச்செந்தூருக்கு இங்கிட்டு, தேரிக்காடு. செவச்செவன்னு மணல்மேடு, நடுவுல பனை. அங்க நாப்பது நாளு ஷூட்டிங்கு. வெறும் மணல்ல குதிரை ஓட்டுறது லேசு இல்ல, குளம்பு புதையும். அங்க ஒரு நாளு, நான் அய்யனாரு வேசத்துல குதிரையோட நிக்கிறேன், ஒரு பொம்பள பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாறா. எங்கால்ல பிள்ளையப் போட்டுட்டா. "சாமி, நாலு நாளாக் காச்சல் விடல, ஒரு கை துண்ணூறு குடுங்க"ங்குறா. செட்டுல எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. நான் சிரிக்கல. மேக்கப்காரன் பெட்டியிலருந்து துண்ணூற எடுத்துப் பூசிவிட்டேன். மறுநாளு காச்சல் விட்டுருச்சாம். அதுக்கப்பறம் தெனம் நாலு பேரு. ஒருத்தி எலுமிச்சம்பழத்தோட வந்து, ஓடிப்போன புருசன் வருவானான்னு கேட்டா. வருவான் போன்னேன். அப்ப எனக்கே தோணுச்சு தம்பி, உள்ள ஏதோ எறங்கியிருக்குன்னு. தோணுமா தோணாதா? நீங்களே சொல்லுங்க.

அந்த நேரத்துலதான் அக்காவுக்கு முடியாமப் போச்சு. வகுத்து வலின்னு சொன்னா, அப்பறம் கட்டின்னாய்ங்க. தேனி ஆசுபத்திரியில சேத்தாச்சு. சுகா போன் போட்டுச்சு, "மாமா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, அம்மா ஒங்களையே கேக்குது"ன்னு. ஆசுபத்திரிக்கு மாலையோட எப்படிப் போறது? அங்க சாவு, பெறப்பு, ரத்தம், எல்லாத் தீட்டும் இருக்கும். முடிச்சிட்டு வாறேன்னு சொல்லுன்னேன். நான் வராமயா இருக்கப் போறேன்.

ஒரு நாளு வீடியோவுல கூப்புட்டா. செட்டுக்குள்ள நொழையுறப்பவே போன் கேமரா மேல ஸ்டிக்கரு ஒட்டிருவாய்ங்க, படம் வெளிய போயிரக் கூடாதுன்னு. பிரிச்சா வேலை போயிரும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நான் எடுத்தேன். எனக்கு அவ தெரியுறா, அவளுக்கு நான் தெரியல. ஒரே இருட்டு. ஆளு பாதியாப் போயிட்டா. தலை முடியில்ல. கண்ணு ரெண்டு மட்டும் போனுக்குள்ள தேடுது.

"மொகமே தெரியலயேடா."

"ஸ்டிக்கரு ஒட்டியிருக்காய்ங்கக்கா."

"அதக் கொஞ்சம் கிள்ளிட்டுக் காட்டேன். ஒரு நிமிசம்."

"கம்பெனி ரூல்ஸுக்கா. நீ ஒண்ணு செய்யி, நல்லா மருந்து மாத்திரை சாப்புடு. இந்தப் படத்துல என் மொகம் வருது. பெரிய தெரையில பாத்துக்கலாம்."

"நெசமாவாடா?"

"ங்கொப்புரான நெசம்."

அப்படியே சிரிச்சா தம்பி. வலியோட சிரிச்சா.

நான் பொய் சொல்லல. டைரக்டரே வாயத் தொறந்து சொன்னது. கடைசிச் சண்டைக்கு முந்தி ஒரு ஷாட்டு. மணல்மேட்டு உச்சியிலருந்து குதிரை பாயுது. கீழ குழி தோண்டி கேமராவ வச்சிருக்காய்ங்க, அதுக்கு மேல தாண்டணும். "காசிண்ணே, இது ஒங்களுக்குத்தான். பொடியும் புழுதியும் பறக்கும், மொகம் லேசாத்தான் தெரியும், அதனால ஒங்க மொகத்தயே விட்டுருவோம்"னாரு. எப்பவும் எங்க மொகத்துல கறுப்புப் புள்ளியா ஒட்டுவாய்ங்க. அந்தப் புள்ளிய வச்சுத்தான் கம்ப்யூட்டர்ல ஹீரோ மொகத்தப் பொருத்துறது. அந்த ஷாட்டுக்குப் புள்ளி ஒட்டலன்னா என்ன அர்த்தம்? என் மொகந்தான்னு அர்த்தம். கொழந்தைக்குக்கூடப் புரியும்.

அந்த ஷாட்டு எடுக்கிற அன்னைக்கு வெடிகாலையில சுகா போன். அம்மா போயிருச்சு மாமான்னுச்சு.

பெறகு பெரியாளுக யாரோ போன வாங்கிப் பேசுனாக. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம், பொறந்த வீட்டுக் கோடி ஒங்கிட்டருந்துதான் வரணும், வெரசா வாப்பான்னாக. ஒங்களுக்குத் தெரியும்ல, நம்ம பக்கம் கோடி இல்லாமப் பொம்பளையத் தூக்க மாட்டாய்ங்க. ராணியாப் பொழைச்சிருந்தாலும் பொறந்த வீட்டுச் சேலைய மேல போத்தித்தான் அனுப்பணும். கூடப் பொறந்தவன் கையால. அதுக்கப்பறந்தான் கடைசியா மொகத்தத் தொறந்து காட்டி மூடுறது.

தேரிக்காட்டுலருந்து ஆண்டிபட்டி என்ன, அஞ்சு மணி நேரம். கார்லன்னா இன்னும் வெரசா.

மாஸ்டர்கிட்டப் போனேன். விசயத்தச் சொன்னேன். அவரு, "ஏன்டா இன்னும் இங்க நிக்கிற? கம்பெனி வண்டிய எடுத்துக்கிட்டுப் போ, ஷாட்ட எல்லப்பன் பண்ணட்டும்"னாரு.

எல்லப்பன்! ஓசூர்ப் பக்கத்துப் பய. எனக்கு அடுத்த டூப்பு. நான் கைபுடிச்சுக் குதிரை ஏத்திவிட்ட பய தம்பி. வலது கை சுண்டுவிரலு பாதிதான் இருக்கும், பழகுன புதுசுல குதிரை கடிச்சது. அவன் குதிரையில உக்காந்தா அரிசி மூட்டைய ஏத்திவிட்டாப்புல இருக்கும். அவன் மொகமா பெரிய தெரையில வாறது? அவன் அய்யனாரா?

"இல்ல மாஸ்டர், நான் மாலை போட்டிருக்கேன். சாவு வீட்டுக்குப் போகக்கூடாது"ன்னேன்.

மாஸ்டர் என்னய ஒரு மாதிரிப் பாத்தாரு. "ஒன்னய யாருடா மாலை போடச் சொன்னா?"ன்னாரு.

இப்ப நீங்களும் அதத்தான் கேக்கப் போறீங்க. மாலையக் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கலாம்லன்னு. எல்லாரும் கேட்டாய்ங்க. எம் பொஞ்சாதி கேட்டா. ஊருல கேட்டாய்ங்க. டீக்கடைக்காரன்கூடக் கேட்டுட்டான். சாமி காரியம் தம்பி, நெனச்சாப் போட்டு நெனச்சாக் கழட்ட அது என்ன சட்டையா? அதும் போக அக்கா கட்டிக்குடுத்த பொண்ணு, வேற வீட்டு ஆளு. எனக்குப் பெருசாத் தீட்டே கெடையாது. தீட்டே இல்லாதப்ப நானாப் போயி எதுக்குத் தொடணும்? யோசிச்சுப் பாருங்க, நாயம் இருக்கா இல்லையா?

அதுக்காகக் கோடி போடாம விட்டுட்டேன்னு நெனச்சிராதீங்க. ஏற்பாடு பண்ணேன். எல்லப்பன் அங்க சும்மாத்தான் உக்காந்திருந்தான். அவன்கிட்டப் போயி, யாராச்சும் கோடிய மட்டும் கொண்டுபோய்க் குடுத்தாத் தேவலையே தம்பின்னேன். போடான்னு சொல்லல. அவனாத்தான் எந்திரிச்சான். "நான் போறேண்ணே. போன வருசம் அவங்க கையால சாப்புட்டிருக்கேன், கோடி இல்லாம அனுப்பக் கூடாதுண்ணே"ன்னான். ஒரு தடவ கொடைக்கானல் ஷூட்டிங் போறப்ப ஆண்டிபட்டியில எறங்கி அக்கா கடையில ரெண்டு பேரும் இட்லி தின்னோம், அதத்தான் சொல்றான். வழியில தூத்துக்குடியில சேலை வாங்கிக்கன்னு அனுப்பிவிட்டேன். பச்சை நெறம்னா அக்காவுக்குப் பிடிக்கும்னு அதையும் சொல்லிவிட்டேன். எவன் செய்வான்?

ஷாட்டு பதினோரு மணிக்கு. எல்லப்பனும் இல்ல, நான் விட்டா அன்னைக்கு வேற ஆளே இல்ல. மேட்டு உச்சியில ஏறி நின்னேன். வெயிலு கண்ணக் கூசுது. எங்கக்காவ மனசுல நெனச்சுக்கிட்டேன், பாருக்கா, ஒனக்குத்தான்னு. குதிரைய விட்டேன் பாருங்க! அந்த ஓட்டம், அந்தப் பாய்ச்சலு, இத்தனை வருசத்துல நான் அப்படி ஏறுனதில்ல. மொகத்த நேரா கேமராவுக்குக் காட்டுனேன். கண்ணுல தண்ணி. அது நடிப்பில்ல தம்பி, நெசத் தண்ணி. ஒரே டேக்கு. செட்டே கை தட்டுச்சு. டைரக்டர் வந்து கட்டிப்புடிச்சாரு.

நான் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அங்க அந்தப் பய என்ன செஞ்சிருக்கான்? மூணு மணிக்குப் போய்ச் சேந்திருக்கான். யாருப்பா நீன்னு கேட்டிருக்காக. என்ன சொல்லணும்? காசிமாயன் குடுத்துவிட்டாரு, நான் கூட வேலை பாக்குறவன்னு சொல்லணும். "நான் தம்பி"ன்னு சொல்லியிருக்கான்! விழுந்து கும்பிட்டு, கோடிய அவன் கையால போத்தி, மொகத்தத் தொறந்து காட்டுனப்ப மொத ஆளா நின்னு பாத்து, ஒப்பாரி வைக்கிற பொம்பளைகளே அசந்துபோற மாதிரி அழுதிருக்கான். பெறகு தோளு குடுத்துருக்கான். சுடுகாடு வரைக்கும் செருப்பில்லாம நடந்திருக்கான். மூணாம் நாளு பால் தெளிச்சிட்டுத்தான் வந்தான். மாலை இல்லாதவன் எத வேணா செய்வான். அக்கா என்னோட அக்காவா அவனோட அக்காவா?

வந்து என்கிட்ட, "அண்ணே, ஒங்க பேரச் சொல்லித்தான் போட்டேன்"னான். நான் அவன் மூஞ்சியில முழிக்கல. அதோட சரி, இன்னைக்கு வரைக்கும் பேச்சு கெடையாது.

எட்டாம் நாளு பூசணிக்கா ஒடச்சு ஷூட்டிங்க முடிச்சாய்ங்க. கம்பெனியில எல்லாருக்கும் பிரியாணி. நானும் மாலையக் கழட்டி வச்சிட்டுச் சாப்புட்டேன். மூணு மாசம் நாக்கு செத்துக் கெடந்துச்சுல்ல. பதினாறாம் நாளு காரியத்தன்னைக்கு வேற படத்துக்கு டேட்டு குடுத்துட்டேன், போக முடியல.

படம் வந்துச்சு. மொத நா மொத ஷோ, வடபழனியில. எம் பொஞ்சாதி, மகன், எதுத்த வீடு, பக்கத்து வீடு, எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். இந்தா வரப்போகுது, இந்தா வரப்போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். வந்துச்சு. மேடு, வெயிலு, குதிரை. என் பாய்ச்சலு. கண்ணுல தண்ணி. அந்தத் தண்ணி அவரு மொகத்துல ஓடுது தம்பி! எங்கக்காவுக்கு நான் அழுத அழுக அந்தக் கோழி தின்ன மொகத்துல ஓடுது! தேட்டரே எந்திரிச்சு விசிலடிக்குது. பக்கத்து வீட்டுக்காரன் என்னையப் பாக்குறான். எம் பொஞ்சாதி கைய நீட்டி என் தோள அமுக்குனா. "எடது தோளு சாயுதுங்க, ஒங்கக்கா இருந்தாக் கண்டுபிடிச்சிருப்பாக"ன்னா. அவ அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கல. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

அசிஸ்டென்ட் டைரக்டருக்குப் போன் போட்டா, "அண்ணே, இப்பல்லாம் புள்ளியே இல்லாமப் பண்ணலாம்ணே, டெக்னாலஜி வளந்துருச்சு"ங்குறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்.

செஞ்சவன் ஒருத்தன், மொகம் இன்னொருத்தன். இந்த நெஞ்சு எரியிறது ஒருத்தனுக்கும் புரியாது. பட்டவனுக்குத்தான் தெரியும்.

போன மாசம் சுகா போன் பண்ணுச்சு. ஆத்தா செத்த வருசத்துக்குள்ள பொண்ணக் கட்டிக்குடுத்துரணும்னு ஏற்பாடு பண்ணிட்டாகளாம். மாப்பிள்ளை பெரியகுளத்துப் பையன். பரிசம் போட்டாச்சு, மண்டபம் புடிச்சாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. இதெல்லாம் யாரு செஞ்சது? எல்லப்பன். ஓசூர்லருந்து வந்து வந்து செஞ்சிருக்கான். பரிசத்தன்னைக்குத் தாய்மாமன் எடத்துல பட்டுச்சட்டை போட்டு அவன் நின்னிருக்கான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அப்ப என்னய எதுக்குத்தா கூப்புடுற?"ன்னேன்.

"பத்திரிகையில தாய்மாமன்னு ஒங்க பேருதான் மாமா போட்டிருக்கு. அம்மா சொல்லிட்டுப் போனது. நீங்க வந்து ஒக்காந்தாப் போதும் மாமா. செய்ய வேண்டியதெல்லாம் எல்லப்பன் மாமா செஞ்சிட்டாரு."

வந்து ஒக்காந்தாப் போதுமாம். கேட்டீங்களா? நான் என்ன பொம்மையா? கூடப் பொறந்தவன் நானு. அந்தப் பய யாரு? என் எடத்துல வந்து நின்னுக்கிட்டு, என் அக்கா மகளுக்கு மாமன்! சினிமாவுலயும் என் எடத்தப் புடுங்குனாய்ங்க, வீட்டுலயும் புடுங்கிட்டாய்ங்க. எனக்கு எங்கதான் நாயம் கெடைச்சிருக்கு? இன்னைக்கு நான் போயி, என் கையால இந்தச் சேலையக் குடுத்து, என் கையால மாலையப் போட்டு, மருமகள மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். எல்லப்பன நகருடான்னு சொல்லணும். அதுக்குத்தான் போறேன்.

கணவாய் தாண்டியாச்சா? அப்ப வந்துருச்சு. மண்டபம் ரோட்டு மேலதான். அந்தா மேளச் சத்தம். வண்டியா நிக்குது, பஸ்ஸு ஊருது பாருங்க. படத்துலயும் நம்ம மேடு வர்ற நேரந்தான். செத்த இருங்க, அந்தப் பாய்ச்சல மட்டும் பாத்துட்டு எறங்குவோம்.

என்ன தம்பி, எங்க கையக் காட்டுறீங்க? வெளியவா?

அடி ஆத்தாடி. நான்தான். பேனர்ல நான்! எம்மாம் பெருசு பாருங்க, மண்டபத்து மாடி ஒசரம். "தாய்மாமன் காசிமாயன் அன்புடன் வரவேற்கிறார்." பாத்தீங்களா, பாத்தீங்களா! எங்கக்கா மக கெட்டிக்காரி. ஹீரோவுக்குக்கூட உசிலம்பட்டியில இம்புட்டுப் பெருசா வைக்கல. என் மொகம் தம்பி. முழு மொகம். எப்பவோ குடுத்த பாஸ்போர்ட் போட்டோ, அதையப் பெருசு பண்ணி...

இருங்க. இந்தப் பட்டுச்சட்டை நான் எப்பப் போட்டேன்? எங்கிட்ட இந்த நெறத்துல சட்டையே கெடையாதே. ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாப்புல...

அந்த வலது கையப் பாருங்க தம்பி. சுண்டுவிரலு. பாதிதான இருக்கு?

பரிசத்தன்னைக்கு அவன் நின்ன போட்டோ. தலைய வெட்டிட்டு என் தலைய ஒட்டிட்டாய்ங்க. பேனர்க் கடைக்காரன் என்ன செய்வான், பாஸ்போர்ட் போட்டோவுல ஒடம்பு ஏது. கழுத்துக்கிட்டப் பாருங்க. ஒட்டு தெரியுது.

அந்தா வாசல்ல நிக்கிறான் எல்லப்பன். பேனருக்குக் கீழயே. பன்னீரு தெளிச்சு, ஒவ்வொருத்தரையும் கும்பிட்டு உள்ள அனுப்புறான். அவனுக்குத் தெரியாம இருக்குமா, தன் ஒடம்புல எவன் தலை இருக்குன்னு. எம்புட்டுப் பேனரு கட்டியிருக்காய்ங்க, ஒண்ணுலயாச்சும் அவன் மொகம் இருக்கா பாருங்க தம்பி. ஒங்க கண்ணுக்குத் தெரியுதா? எனக்குத் தெரியல.

சிரிக்கிறானே. எப்படிடா சிரிக்கிற?

எங்கக்கா மொகத்த நான் பாக்கல தம்பி. மாலையும் இல்ல, தீட்டும் இல்ல. அந்த ஷாட்ட அவன் எடுத்துருவான்னுதான் போகல. அந்த ஸ்டிக்கர ஒரு நகம் வச்சுக் கிள்ளியிருந்தா வந்துருக்கும்.

என்னது? டிவியில வந்துருச்சா? குதிரை பாயுதா? நீங்க பாருங்க, நீங்க பாருங்க.

கண்டக்டரு கூப்புடுறாரு, எறங்குங்க. நான் வரல. தேனி வரைக்கும் போயிக்கிறேன், அங்கிட்டு ஒரு சோலி இருக்கு. தம்பி, ஒரே ஒரு ஒதவி. இந்தப் பைய மட்டும் உள்ள குடுத்துருங்க. மாமன் சேலை, மடிப்புக் கலையாமக் குடுத்துருங்க. பொண்ணு கையில வேணாம், அந்தா வாசல்ல நிக்கிறான்ல, அவன் கையில குடுங்க, அவன் குடுத்துக்குவான். யாரு குடுத்துவிட்டதுன்னு கேட்டா, அந்தா மேல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாருல்ல, அவருன்னு சொல்லிருங்க. போங்க தம்பி, பஸ்ஸு கெளம்புது.